அடிபட்டவருக்கு சிஆர்பி ஏறினால் கிருமிதானா?

சேலத்தில் ஐசியூவில் வேலை பார்க்கிறேன். பலத்த காயம் பட்டவர்களின் ரத்தப் பரிசோதனை பற்றி வந்த கேள்விகளில் நான்கு இங்கே. சிஆர்பி என்பது, உடலில் அழற்சி (காயத்துக்கோ கிருமிக்கோ உடல் காட்டும் எதிர்வினை) இருந்தால் ரத்தத்தில் ஏறும் ஒரு புரதம்.

ஏற்காடு: டாக்டர், கொண்டை ஊசி வளைவில் பைக்கோடு விழுந்து அண்ணனுக்குத் தொடை எலும்பு முறிந்துவிட்டது. முதல் நாள் சிஆர்பி 12, மூன்றாம் நாள் 180. கிருமி தொற்றிவிட்டதா?

அந்த எண்ணை மட்டும் வைத்து அப்படிச் சொல்ல முடியாதுங்க. சதை நசுங்கி எலும்பு உடைந்தாலே போதும், கிருமியே இல்லாமல் அழற்சி கிளம்பும். முதலில் இன்டர்லூகின்-6 என்ற, அழற்சிச் செய்தியைக் கொண்டு போகும் புரதம் சில மணி நேரத்திலேயே ஏறும். அதன் தூண்டுதலில் கல்லீரல் சிஆர்பியைத் தயாரிக்கும். அது உச்சத்துக்குப் போக இரண்டு மூன்று நாள் ஆகும். நடுவில் ஆபரேஷன் நடந்திருந்தால் அதுவும் ஒரு காயம்தான், அதற்கும் சேர்த்து ஏறும். நாங்கள் பார்ப்பது அடுத்த நாட்களை. ரத்தத்தில் சிஆர்பியின் அரை ஆயுள், அதாவது பாதியாகக் குறைய ஆகும் நேரம், சுமார் 19 மணி நேரம். தூண்டுதல் அடங்கினால் மளமளவென்று இறங்கும். இறங்கியது மறுபடி ஏறினால், கூடவே காய்ச்சலோ புண்ணில் கசிவோ இருந்தால், அப்போதுதான் கிருமியைத் தேடுவோம்.

ஆத்தூர்: சிஆர்பி ஒரு லேபில் 9, இன்னொன்றில் 92. எது பொய்?

இரண்டுமே சரியாக இருக்கலாம். எண்ணுக்குப் பக்கத்தில் பொடி எழுத்தைப் பாருங்கள். ஒன்று டெசிலிட்டர் (100 மில்லி) கணக்கு, மற்றது லிட்டர் கணக்காக இருக்கும். பத்து மடங்கு வித்தியாசம்.

ஓமலூர்: ஆக்சிடேடிவ் ஸ்ட்ரெஸ் என்கிறார்களே, ரிப்போர்ட்டில் அது எங்கே?

இருக்காது. ரத்தம் நிறையப் போய் வாடிக் கிடந்த திசுவுக்கு மறுபடி ரத்தம் பாயும்போது, அதில் வரும் ஆக்சிஜனில் ஒரு பகுதி முரட்டு மூலக்கூறுகளாக மாறி செல் சவ்வின் கொழுப்பைத் தாக்கும். அதைத்தான் ஆக்சிடேடிவ் ஸ்ட்ரெஸ் என்கிறோம். பழைய முறுக்கில் சிக்கு வாடை வருமே, ஏறக்குறைய அதே வேதியியல்தான். அப்போது உண்டாகும் மாலோன்டைஆல்டிஹைடை ஆராய்ச்சியில் அளக்கிறார்கள். வார்டில் நாங்கள் அடிக்கடி பார்ப்பது லாக்டேட். திசுவுக்கு ரத்தம் போதவில்லை என்பதற்கு அது ஒரு தடயம். லிட்டருக்கு 2 மில்லிமோலுக்கு மேல் போனால் ஏன் என்று கேட்போம்.

அஸ்தம்பட்டி: அப்படியானால் வைட்டமின் சி, செலினியம் மாத்திரை வாங்கித் தரலாமா?

நியாயமான கேள்வி. பலத்த காயத்தில் ரத்தத்தில் வைட்டமின் சி குறைவது உண்மை. ஆனால் 2013-இல் வந்த பெரிய ஐசியூ ஆய்வில் ஆன்டிஆக்சிடன்ட் (அந்த முரட்டு மூலக்கூறுகளை அடக்கும் வைட்டமின் சி, செலினியம் போன்றவை) கலவை பலன் தரவில்லை. கூடவே சோதித்த குளூட்டமின் என்ற அமினோ அமிலம் பெற்றவர்களில் இறப்பு கூடியது. 2022-இல் கிருமித் தொற்று முற்றிய நோயாளிகளுக்கு ஊசியில் வைட்டமின் சி அதிக அளவில் கொடுத்துப் பார்த்ததும் பாதகமாகவே முடிந்தது. அதனால் காசு செலவழிக்காதீர்கள். அப்புறம், பார்வையாளர் நேரத்தில் மூக்குக் குழாயில் நெல்லிக்காய்ச் சாறு ஊற்றப் பார்த்த ஒரு பாட்டியிடமிருந்து டம்ளரை வாங்கி வைத்திருக்கிறேன். தயவுசெய்து சிஸ்டரைக் கேட்காமல் எதையும் ஊற்றாதீர்கள்.