நார்த் மெல்பர்ன் அணி மறுபடி எழுமா? இத்தனை தோல்விக்குப் பிறகும் அதன் ரசிகர்கள் எதை நம்பி மைதானத்துக்குப் போகிறார்கள்?

எழும் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் "நல்ல பையன்கள் நிறைய வந்திருக்கிறார்கள், கொஞ்சம் பொறுங்கள்" என்று எங்கள் ஆட்கள் சொல்லும் காரணத்துக்காக இல்லை. அதைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது.

ஆஸ்திரேலியாவுக்கு வெளியே இருந்து படிப்பவர்களுக்காகக் கொஞ்சம் பின்னணி. இது உலகம் முழுக்க ஆடும் கால்பந்து இல்லை, ஆஸ்திரேலியக் கால்பந்து. நீள்வட்டப் பந்து, கிரிக்கெட் மைதானம் முழுவதும் களம், பக்கத்துக்கு 18 பேர், நான்கு பகுதிகளாக ஆட்டம். நடுவில் உள்ள இரண்டு உயரக் கம்பங்களுக்கு இடையே உதைத்தால் ஆறு புள்ளி, அவற்றுக்கும் ஓரத்துக் கம்பங்களுக்கும் இடையே போனால் ஒன்றே ஒன்று. ஏ.எஃப்.எல். என்ற தேசிய லீகில் இப்போது 18 அணிகள் ஆடுகின்றன. நீலமும் வெள்ளையுமாகக் கோடு போட்ட சட்டைக்காரர்கள் நார்த் மெல்பர்ன். 1869இல் தொடங்கிய கிளப். 1975, 1977, 1996, 1999 என்று நான்கு கோப்பைகள். அதற்கப்புறம் ஒரு முறைகூட இறுதி ஆட்டத்துக்குப் போனதில்லை.

2020 முதல் 2025 வரை ஆறு பருவங்களில் இவர்கள் வென்றது மொத்தமே 20 ஆட்டங்கள். சுமாரான ஓர் அணி இரண்டே பருவத்தில் இதைத் தாண்டிவிடும். 2021, 2022 இரண்டு ஆண்டும் கடைசி இடம். 2023, 2024 இரண்டு ஆண்டும் கடைசிக்கு முந்தைய இடம். 2025இல் 16ஆம் இடம். இதை முன்னேற்றம் என்று சொல்லிக்கொள்ளும் நிலைமையில்தான் இருக்கிறோம்.

நான் இதில் சேர்ந்ததற்குப் பெரிய கதை எதுவும் கிடையாது. வேலைக்காக மெல்பர்ன் வந்தபோது கென்சிங்டன் பகுதியில் வாடகைக்கு வீடு கிடைத்தது. நார்த் பயிற்சி செய்யும் ஆர்டன் தெரு மைதானம் அங்கிருந்து நடந்து போகும் தூரம். இந்த ஊர் ஆபீஸில் புதிதாகச் சேர்ந்தால் பெயர் கேட்ட கையோடு "எந்த டீம்?" என்று கேட்பார்கள். பக்கத்தில் இருக்கும் அணியைச் சொன்னேன். கேட்டவர் என் தோளைத் தட்டிவிட்டு ஒன்றும் சொல்லாமல் போனார். ஒருமுறை சொல்லிவிட்டால் அப்புறம் மாற்றுவது இங்கே வழக்கமில்லை. வாராவாரம் யார் ஜெயிப்பார்கள் என்று ஊகிக்கும் டிப்பிங் போட்டியில் ஒவ்வொரு வாரமும் நார்த்தையே எழுதுகிறேன். அந்தப் பட்டியலில் என் இடம் என்ன என்று நீங்களே ஊகிக்கலாம்.

சரி, விஷயத்துக்கு வருவோம். நம்பிக்கைக்கு முதல் காரணமாக எல்லோரும் சொல்வது டிராஃப்ட். ஐரோப்பியக் கால்பந்தில் கடைசியில் வரும் அணி கீழ்நிலை லீகுக்கு இறங்கிவிடும். இங்கே யாரும் இறங்குவதில்லை. கடைசியில் வந்த அணிக்குத்தான் நாட்டின் சிறந்த பதினெட்டு வயதுப் பையன்களில் முதல் ஆளைத் தேர்ந்தெடுக்கும் உரிமை. சம்பளத்துக்கும் உச்சவரம்பு உண்டு, ஆகவே பணக்கார கிளப் நட்சத்திரங்களை எல்லாம் வாங்கிக் குவிக்க முடியாது. தோற்றவனைத் தூக்கிவிடுவதற்கென்றே அமைத்த ஏற்பாடு. ஆகவே ரசிகன் கணக்குப் போடுகிறான்: இந்த வருஷம் தோற்றால் அடுத்த வருஷம் ஒரு வைரம் கிடைக்கும்.

இந்தக் கணக்கு மனிதனை எங்கே கொண்டுபோய் நிறுத்தும் என்பதற்கு 2023 நல்ல சாட்சி. அந்தப் பருவத்தில் நார்த் முதல் இரண்டு ஆட்டங்களை வென்றது. பிறகு தொடர்ந்து 20 தோல்வி. கடைசி ஆட்டம் ஹோபார்ட்டில், கோல்டு கோஸ்ட் அணியுடன். தோற்றால் கடைசி இடம் உறுதி, டிராஃப்டின் முதல் வாய்ப்பும் உறுதி. அந்த ஆண்டு முதல் ஆளாகப் போகப்போகிறவர் ஹார்லி ரீட் என்பது நாடறிந்த செய்தி. ஒரு வாரம் முழுக்க எங்கள் ஆட்களிடையே ஒரே விவாதம்: ஜெயிக்க வேண்டுமா, வேண்டாமா? சொந்த அணி தோற்க வேண்டும் என்று விரும்பும் ரசிகர்களை அந்த வாரம் நிறையப் பார்த்தேன். ஆட்டக்காரர்கள் அதையெல்லாம் காதில் வாங்கவில்லை. ஜெயித்துவிட்டார்கள். ரீட் வெஸ்ட் கோஸ்ட் அணிக்குப் போனார். எனக்கு அதில் இன்றுவரை வருத்தம் இல்லை. 20 ஆட்டம் தோற்ற இருபது வயதுப் பையனிடம் போய் இன்னும் ஒன்று தோற்றுவிடு என்று யார் சொல்வது?

மேலும், டிராஃப்ட் மட்டும் ஓர் அணியைத் தூக்கிவிடும் என்பதற்கு வரலாற்றில் ஆதாரம் குறைவு. கார்ல்டன் அணியைப் பாருங்கள். 2005, 2006, 2007 மூன்று ஆண்டும் முதல் வாய்ப்பு அவர்களுக்கே. மர்ஃபி, கிப்ஸ், குரோய்சர் என்று மூன்று பேரும் நல்ல ஆட்டக்காரர்கள்தான். மூவரில் யாரும் கார்ல்டனுக்காகக் கோப்பை தூக்கவில்லை. அவர்கள் கடைசியாக வென்றது 1995இல். கோல்டு கோஸ்ட் 2011இல் உருவானபோது இளம் திறமைகளை லீகே அள்ளிக் கொடுத்தது. அவர்கள் முதல்முறையாக இறுதிச் சுற்றுகளுக்குள் நுழைந்தது 2025இல்.

எங்கள் கதையும் அதுதான். 2021 டிராஃப்டில் முதல் ஆளாக ஜேசன் ஹார்ன்-ஃபிரான்சிஸை எடுத்தோம். ஒரே பருவம் ஆடிவிட்டு போர்ட் அடிலெய்டுக்குப் போய்விட்டார். அன்று அவரைத் திட்டாத நார்த் ரசிகர் இல்லை. நான் அந்தப் பையனைக் குறை சொல்லமாட்டேன். ஊரை விட்டு வந்த பதினெட்டு வயதுக்காரன், வாராவாரம் அடி வாங்கும் அணி, நடுப் பருவத்தில் நீங்கிய பயிற்சியாளர். எவன் தங்குவான்?

என் பார்வையில் நார்த்தின் வீழ்ச்சிக்கு வேர் 2016இல் இருக்கிறது. அந்தப் பருவத்தின் முதல் ஒன்பது ஆட்டங்களையும் வென்றோம். பிறகு சரிந்து, இறுதிச் சுற்றுக்குப் போகும் எட்டு அணிகளில் கடைசியாகத் தொற்றிக்கொண்டு, அதன் முதல் வாரமே வெளியேறினோம். பருவம் முடிவதற்குள்ளேயே மூத்த ஆட்கள் நால்வருக்கு ஒரே நேரத்தில் விடைகொடுத்துவிட்டது கிளப். பிரென்ட் ஹார்வி அவர்களில் ஒருவர். 432 ஆட்டம் ஆடியவர், இன்னும் ஆட ஆசைப்பட்டவர். 2020 முடிவில் மறுபடியும் ஒரு களையெடுப்பு: ஒரே நாளில் 11 பேர் வெளியே. புதுரத்தம் வேண்டும் என்றார்கள். வந்தது, சரி. ஆனால் முப்பது புள்ளி பின்தங்கி நிற்கும்போது "இப்போது பந்தைப் பிடித்து வை, அவசரப்படாதே" என்று களத்துக்குள் சொல்ல ஆள் இல்லாமல் போயிற்று. பெரியவர்கள் இல்லாத வீட்டில் பிள்ளைகள் தாங்களே சமைத்துச் சாப்பிட்ட கதைதான்.

ஏன் இப்போது நம்புகிறேன் என்றால், அந்தத் தப்பைக் கிளப் புரிந்துகொண்ட அறிகுறி தெரிகிறது. 2024 முடிவில் சிட்னியிலிருந்து லூக் பார்க்கர், வெஸ்ட் கோஸ்ட்டிலிருந்து ஜாக் டார்லிங், வெஸ்டர்ன் புல்டாக்ஸிலிருந்து கேலப் டேனியல் என்று மூவரைக் கொண்டுவந்தார்கள். மூன்று பேருமே தத்தம் பழைய அணியில் கோப்பை வென்றவர்கள். 'வயசானவர்களை எதற்கு?' என்று கேலி செய்தார்கள். இவர்களால் கோப்பை வராது என்பது எனக்கும் தெரியும். இவர்கள் வந்தது பிள்ளைகளுக்குப் பக்கத்தில் நிற்க.

இதற்கு முன்னுதாரணமும் உண்டு. பிரிஸ்பேன் 2017இல் கடைசி. 2018இல் ஐந்தே வெற்றி. அந்த 2018க்குத்தான் ஹாதார்ன் அணியில் ஆடி ஓய்வு பெற்ற மூத்தவர் லூக் ஹாட்ஜை அழைத்து வந்தார்கள். 2019இல் லீக் பட்டியலில் இரண்டாம் இடம். 2024, 2025 இரண்டிலும் கோப்பை. அவர்களுடைய பயிற்சியாளர் கிறிஸ் ஃபேகன், ஹாதார்னில் அலஸ்டர் கிளார்க்சனோடு வேலை பார்த்தவர். ஹாட்ஜ், கிளார்க்சனின் கேப்டன். 2008, 2013, 2014, 2015 என்று ஹாதார்னுக்கு நான்கு கோப்பை வாங்கித் தந்த அந்தக் கிளார்க்சன்தான் 2023 முதல் எங்கள் பயிற்சியாளர். ஆட்டக்காரராக இருந்த காலத்தில் அவரும் நார்த் சட்டை போட்டவர். அவரால் மாயம் செய்ய முடியாது என்பது மூன்று ஆண்டுகளில் தெரிந்துவிட்டது. ஆனாலும் பாதை தெரிந்த ஆள். 2025இல் அதே பிரிஸ்பேன் ஹோபார்ட்டுக்கு வந்தபோது ஆட்டத்தைச் சமன் செய்தோம். அந்த ஆண்டும் கோப்பையை எடுத்துப் போன அணி அது! சமன் ஆனதற்குக் கொண்டாடிய ஒரே கூட்டம் நாங்களாகத்தான் இருப்போம்.

இரண்டாவது அறிகுறி, ஆட்கள் தங்குகிறார்கள். ஹாரி ஷீஸல் 2022 டிராஃப்டில் மூன்றாவதாக வந்தவர். முதல் பருவத்திலேயே லீகின் சிறந்த இளம் ஆட்டக்காரர் விருது, கிளப்பின் சிறந்த ஆட்டக்காரர் விருது, இரண்டையும் வாங்கினார். வேறு எந்தக் கிளப்பும் கதவைத் திறந்து வைத்துக் காத்திருக்கும். அவரும் நடுக்களத்தில் தூணாக நிற்கும் லூக் டேவிஸ்-யூனியாக்கும் நீண்ட ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டு இங்கேயே இருக்கிறார்கள். என்னைக் கேட்டால் டிராஃப்டில் இன்னொரு முதல் வாய்ப்பு கிடைப்பதைவிட இந்த இரண்டு கையெழுத்தும் பெரிது.

நிர்வாகம் எல்லாவற்றையும் சரியாகச் செய்கிறது என்று சொல்லவரவில்லை. 2025 டிராஃப்டின் முதல் சுற்று வாய்ப்பை ஓராண்டு முன்னதாகவே ரிச்மண்டுக்குக் கொடுத்துவிட்டு, பதிலுக்கு 27ஆம் இடத்து வாய்ப்பை வாங்கியது எனக்கு இன்னும் விளங்காத வியாபாரம். தடுப்பாட்டமும் அப்படியேதான் இருக்கிறது. கோல் போட எங்களுக்கு நிக் லார்க்கி இருக்கிறார், 2023இல் அந்த நொறுங்கிய அணியில் இருந்துகொண்டே 71 கோல் அடித்தவர். எதிரணி போடுவதைத் தடுக்கத்தான் வழி காணோம். பந்து கைமாறியதும் திரும்பி ஓடுவது யாருக்கும் இன்னும் பழகவில்லை.

கேள்வியில் ரசிகர்கள் எதை நம்பிப் போகிறார்கள் என்றும் இருக்கிறது. அதற்கு 2007ஐத் தெரிந்துகொள்ள வேண்டும். அப்போது கிளப்பில் காசு இல்லை. கோல்டு கோஸ்ட்டுக்குக் குடிபெயருங்கள், வேண்டிய பணம் தருகிறோம் என்றது லீக். மெல்பர்ன்காரர்களுக்கு அது வெற்று மிரட்டலாகத் தெரியவில்லை. சவுத் மெல்பர்ன் 1982இல் சிட்னிக்குப் போனதைப் பார்த்தவர்கள். 1996 முடிவில் ஃபிட்ஸ்ராய் பிரிஸ்பேனோடு இணைக்கப்பட்டதையும் பார்த்தவர்கள். நார்த் உறுப்பினர்கள் கூட்டம் போட்டார்கள், கையெழுத்து வாங்கினார்கள், சண்டை போட்டார்கள். அந்த டிசம்பரில் நிர்வாகக் குழு 'போகமாட்டோம்' என்று முடிவெடுத்தது. எங்கள் பகுதியில் வயதான ரசிகர்களிடம் பேசினால் 1999 கோப்பைக்குச் சமமாக அந்த டிசம்பரையும் சொல்வார்கள். கடைசி இடத்தில் இருந்த 2022இல் உறுப்பினர் எண்ணிக்கை 50 ஆயிரத்தைத் தாண்டியதற்கு வேறென்ன விளக்கம் சொல்வது? அணியே இல்லாமல் போயிருக்கும் என்ற நிலையைப் பார்த்தவர்களுக்கு 16ஆம் இடம் அவ்வளவு பயம் தருவதில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும், பலர் மறந்துவிடுகிறார்கள். நார்த்தின் பெண்கள் அணி 2024, 2025 இரண்டு ஆண்டும் சாம்பியன். இரண்டு பருவத்திலும் ஒரு தோல்விகூட இல்லை. அதே ஆர்டன் தெரு, அதே சட்டை. 'நார்த்துக்கு ராசியில்லை' என்று யாராவது ஆரம்பித்தால் நான் இதைச் சொல்லி வாயை அடைத்துவிடுவேன். ஜெயிக்கத் தெரிந்தவர்கள் அந்தக் கட்டடத்துக்குள்ளேயே இருக்கிறார்கள். ஆண்கள் அணி கொஞ்சம் எட்டிப் பார்த்துக் கற்றுக்கொண்டால் போதும்.

எப்போது எழும் என்று கேட்டால், கிளார்க்சனின் ஐந்தாண்டு ஒப்பந்தம் முடியும் 2027க்குள் முதல் எட்டில் ஒருமுறையாவது வந்தாக வேண்டும். வராவிட்டால் மறுபடி எல்லாவற்றையும் கலைத்துப் போடச் சொல்லிக் கூச்சல் கிளம்பும், அதுதான் உண்மையான ஆபத்து. 2026 முதல் ஏழிலிருந்து பத்தாம் இடம் வரை வரும் அணிகளுக்கும் இறுதிச் சுற்றில் நுழைய ஒரு கூடுதல் ஆட்டம் தருகிறார்கள். பத்தாம் இடம் வந்தாலே போதும் என்று எங்கள் ஆட்களில் சிலர் இப்போதே குதிக்கிறார்கள். எனக்கு அந்தப் பின்வாசல் பிடிக்கவில்லை. பதினெட்டில் பத்தாவதாக வந்துவிட்டு அதை மறுபிறவி என்று சொல்ல எனக்கு வாய் வராது. வந்தால் டிக்கெட் வாங்கிப் போவேன், அது வேறு விஷயம்.