நிண்டெண்டோவின் ஜப்பானிய வீடியோ கேம் கருவியான பேமிகாமின் பழைய விசைப்பலகையை வாங்கும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

முதலில், பெட்டியில் விசைப்பலகை மட்டும்தான் இருக்கிறதா என்று பாருங்கள். 1984இல் நிண்டெண்டோ ‘பேமிலி பேசிக்’ என்ற பெயரில் விற்றது இரண்டு பொருள்கள் சேர்ந்த தொகுப்பு: கருவியின் முன்பக்கத் துளையில் செருகும் விசைப்பலகை, பேசிக் என்ற நிரல் மொழி அடங்கிய கேட்ரிட்ஜ் (கருவியில் செருகும் சிறு பெட்டி). ஹட்சன், ஷார்ப் நிறுவனங்களும் இதில் கைகோத்தன. கேட்ரிட்ஜ் இல்லாவிட்டால் விசைப்பலகை வெறும் பலகைதான். தனித்தனியாக விற்பவர்கள் இருக்கிறார்கள், ஏமாந்துவிடாதீர்கள்.

கேட்ரிட்ஜிலேயே பேட்டரி போடும் அறை உண்டு. அதைத் திறந்து காட்டும் படத்தைக் கட்டாயம் கேளுங்கள். பழைய பேட்டரி கசிந்து பச்சை பூத்திருந்தால், விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் நான் தொடமாட்டேன். நிரல் எழுத நினைவகம் சுமார் 2 கிலோபைட். பின்னர் வந்த வி3 பதிப்பில் 4. எழுதியதைச் சேமிப்பது ஒலிநாடாவில். அதற்கான நிண்டெண்டோ ரெக்கார்டர் அழகுதான், ஆனால் மைக், இயர்போன் துளைகள் உள்ள சாதாரண டேப் ரெக்கார்டரே போதும்.

1986இல் வந்த டிஸ்க் சிஸ்டம் மீதும், அதாவது பேமிகாமில் வட்டுகளைப் படிக்கும் துணைக்கருவி மீதும், ஆசை வரும். அதன் ரப்பர் பெல்ட் காலப்போக்கில் உருகிப் பிசினாகிவிடும். மாற்றப்பட்டதா என்று விசாரியுங்கள்.

இன்னொன்று: ஜப்பானிய அடாப்டர் 100 வோல்ட்டுக்கானது. இந்தியாவின் 230 வோல்ட்டில் நேரடியாகச் செருகினால் புகைதான் வரும்.