கிளினிக்கில் டேப்லெட்: அம்மாவின் பதிலை மகன் சொல்லலாமா?

கேள்வி: முல்லைத்தீவு மாவட்டத்தில் தாதி உத்தியோகத்தராக இருக்கிறேன். தெல்லிப்பழையிலோ மகரகமவிலோ புற்றுநோய்ச் சிகிச்சை முடித்துத் தொடர் கிளினிக்குக்கு வருபவர்களிடம் டேப்லெட்டில் சில கேள்விகள் கேட்கிறோம். பலர் அதை வாங்கியதும் பிள்ளைகளிடம் நீட்டிவிடுகிறார்கள். என்ன செய்வது?

பதில்: சகோதரி, பலருக்கு அது கூச்சம் மட்டுமல்ல. சில கீமோதெரபி மருந்துகளால் விரல் நுனிகள் மாதக்கணக்கில் விறைத்திருக்கும். திரையைத் தொட்டோமா இல்லையா என்பதே தெரியாது. ஒரே பொத்தானை மூன்று தரம் அழுத்தி, மூன்று கேள்வி தாண்டிப் போய்த் திகைத்து நிற்பார்கள். திரைக்கு ஒரு கேள்வி, கட்டைவிரல் அகலத்தில் பொத்தான், கையில் ஒரு தொடுபேனா போதும். வாசிக்க முடியாதவர்களுக்கு, கேள்விகளை உங்கள் குரலிலேயே பதிந்து ஹெட்போனில் கேட்கவிடுங்கள்.

பிள்ளைகளை அந்த நேரத்தில் மருந்து வரிசைக்கு அனுப்பிவிடுங்கள். மகனுக்குத் தெரியக்கூடாதென்று அம்மா மறைத்த வலிக்கு மகன் "இல்லை" என்றுதான் பதில் போடுவான். மார்பகம் அகற்றப்பட்டவர் தாம்பத்தியம் பற்றிய கேள்விக்கு யார் முன்னால் வாய் திறப்பார்? வாய்ப் புற்றுநோய்க்குப் பின் பேச்சுக் குழறும் ஐயாவுக்கோ அந்தத் திரைதான் நாக்கு.

இன்னொன்றையும் மறக்காதீர்கள். 2009இல் போரால் இடம்பெயர்ந்து மெனிக் பாம் முகாமில் இருந்தவர்கள் எத்தனையோ பதிவுகளுக்குப் பெயர் கொடுத்துக் களைத்தவர்கள். முதல் திரையில் அடையாள அட்டை இலக்கம் கேட்டால், பிறகு எல்லாவற்றுக்கும் "பிரச்சினை இல்லை" என்றே வரும். கிளினிக் இலக்கம் மட்டும் போதும். யார் வாசிப்பார்கள் என்பதை முதலே சொல்லுங்கள். கமராவின் மேல் ஒரு துண்டு பிளாஸ்டர் ஒட்டுங்கள்; அவர்கள் பார்க்கும்படியாக ஒட்டுங்கள்.

சிக்னல் இல்லாத இடங்களுக்குக் கோபோ டூல்பொக்ஸ் போன்ற செயலி உதவும். பதில்களைச் சேமித்து வைத்துப் பின்னர் அனுப்பலாம். ஐரோப்பியப் புற்றுநோய் ஆய்வு அமைப்பான ஈஓஆர்டிசியின், வாழ்க்கைத் தரம் பற்றிய 30 கேள்விகள் கொண்ட வினாத்தாளை எடுப்பதானால் அந்த அமைப்பிடம் அனுமதி பெறுங்கள். அதன் சொற்களை மாற்றாதீர்கள். மாற்றினால் பிற ஆய்வுகளோடு ஒப்பிட முடியாது.

மனச்சோர்வை அறியும் பிஎச்கியூ-9 வினாத்தாளின் ஒன்பதாவது கேள்வி, செத்துவிட்டால் நல்லது அல்லது தன்னைக் காயப்படுத்திக்கொள்ளலாம் என்ற எண்ணம் கடந்த இரண்டு வாரங்களில் எவ்வளவு அடிக்கடி வந்தது என்று கேட்கிறது. அதற்குச் "சில நாட்கள்" என்றாவது தொட்டவர் அடுத்த பஸ்ஸில் ஒட்டுசுட்டானுக்குப் போய்விட, பதில் மாதக் கடைசி அறிக்கையில் தெரிவதென்றால் அந்தக் கேள்வியைக் கேட்கவே வேண்டாம். அவர் கதிரையை விட்டு எழும்பும் முன் நீங்களோ வைத்தியரோ அந்தத் திரையைப் பார்த்திருக்க வேண்டும்.