பிள்ளையின் காதில் விழாத ஜெபம்

அன்புள்ள அக்கா,

நீங்கள் எழுதுவதை விடாமல் வாசிக்கிறவள் நான். எங்கள் மகனுக்குப் பன்னிரண்டு வயது, ஏழாம் வகுப்பு படிக்கிறான். சிறு வயதிலிருந்தே பக்தியில்தான் வளர்த்திருக்கிறோம். எந்த வேலை இருந்தாலும் மாலைக் குடும்ப ஜெபம் எங்கள் வீட்டில் நின்றதில்லை. அதில் அவன் படிப்புக்காகத் தவறாமல் மன்றாடுகிறோம். வேதாகமத்தில் வரும் தானியேலைப் போலப் பத்துமடங்கு சமர்த்தனாக வரவேண்டும் என்பது என் கணவரின் ஜெபம். ஆனால் ஒரு வருடமாகக் கணக்கில் மதிப்பெண் சரிந்துகொண்டே போகிறது. இப்போதெல்லாம் ஜெப நேரம் வந்தாலே வயிறு வலிக்கிறது என்று போய்ப் படுத்துக்கொள்கிறான். போன வாரம், “நான் ஜெபம் பண்ணிட்டுத்தானே பரீட்சைக்குப் போனேன், ஆண்டவர் ஏன் கேட்கல?” என்று கேட்டான். என் கணவர், “படிக்காமல் இருந்துவிட்டு ஆண்டவர் மேல் பழி போடாதே” என்று அதட்டிவிட்டார். பிள்ளையை நடக்கவேண்டிய வழியிலே நடத்து என்று நீதிமொழிகள் சொல்கிறதே, எங்கே தவறவிட்டோம்? இப்போது படிக்கும் பள்ளியில் வேதபாட வகுப்பு கிடையாது. சபை நடத்தும் பள்ளிக்கு மாற்றினால் சரியாகுமா? டியூஷன் வைக்கலாமா? போனை ஒரேயடியாகப் பிடுங்கி வைத்துவிடலாமா?

இப்படிக்கு,
ஒரு தாய்

அன்புள்ள சகோதரி,

டியூஷன், போன் இரண்டையும் முதலில் தள்ளிவைத்துவிடுகிறேன். டியூஷன் தேவையா என்பது அவனுக்கு எது புரியவில்லை என்று தெரிந்த பிறகு பேசவேண்டிய விஷயம். போனைப் பொறுத்தவரை, அவன் கையிலிருந்து பிடுங்குவதற்கு முன் உங்கள் இருவர் கையிலும் அது மாலையில் எவ்வளவு நேரம் இருக்கிறது என்று பாருங்கள். போதும். பள்ளி மாற்றுவதைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

என்னை எழுத உட்காரவைத்தது அந்த வயிற்றுவலிதான். சில வாரங்களாகவே இது என் மனதில் ஓடிக்கொண்டிருந்தது. அண்மையில் தெரிந்தவர் ஒருவர் வீட்டில் மாலை ஜெபத்தில் உட்காரும்படி ஆயிற்று. அப்பா ஜெபிக்கிறார். நோயாளிகள், பயணத்தில் இருப்பவர்கள், தேசத்தின் சமாதானம் எல்லாம் முடிந்ததும் குரல் இலேசாக மாறுகிறது. “ஆண்டவரே, இந்தப் பிள்ளைக்குக் கவனத்தைத் தாரும். எப்போதும் விளையாட்டிலேயே கிடக்கிற மனதைப் புத்தகத்தின் பக்கம் திருப்பும். பெற்றோர் படுகிற பாட்டை உணரச் செய்யும்.” நான் கண்ணைத் திறந்துவிட்டேன். அந்தச் சின்னப் பெண் முழங்காலில் நின்றபடி விரிப்பின் ஓரத்து நூலை ஒவ்வொன்றாகப் பிய்த்துக்கொண்டிருந்தாள். காது மடல் இரண்டும் சிவந்திருந்தன. அப்பா முடித்தார். எல்லோரோடும் சேர்ந்து அவளும் ஆமென் சொன்னாள்.

அதை ஜெபம் என்று என்னால் ஒப்புக்கொள்ள முடியாது. அது திட்டு. மற்ற நேரத்தில் திட்டினால் பிள்ளை வாய் திறந்து, “இல்லம்மா, அன்றைக்கு எனக்குக் காய்ச்சல், அந்தப் பாடம் நடத்தும்போது நான் வகுப்பிலேயே இல்லை” என்றாவது சொல்லலாம். அழலாம், முறைக்கலாம், கதவைச் சாத்திக்கொண்டு போகலாம். இங்கே அது எதற்கும் வழியில்லை. கண்ணை மூடியிருக்கவேண்டும், கையைக் கூப்பியிருக்கவேண்டும், குறுக்கே பேசினால் அது பாவம். குற்றம் சாட்டுகிறவர் அப்பா, கேட்டுக்கொண்டிருப்பவர் ஆண்டவர், குற்றவாளி தானே ஆமென் சொல்லித் தீர்ப்பை ஒத்துக்கொள்ளவேண்டும். மாலைக்கு மாலை இது நடக்கிற வீட்டில் ஒரு பன்னிரண்டு வயதுப் பையனுக்கு வயிறு வலிக்காமல் என்ன செய்யும்? அவன் பொய் சொல்கிறான் என்று நினைக்காதீர்கள். உண்மையிலேயே வலிக்கும்.

எங்கள் வீட்டிலும் இது நடந்தது. அப்பா நல்ல மனிதர், எங்கள்மேல் உயிரையே வைத்திருந்தார், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அண்ணனுக்கு வாசிப்பு வராது. ஒரு வரியைப் படிக்க ஆரம்பித்தால் எழுத்து இடம் மாறும், பாதியில் வரி தவறும், முதல் சொல்லைப் பார்த்துவிட்டு மீதியை ஊகித்துச் சொல்வான். இன்றைக்கு என்றால் டிஸ்லெக்ஸியா என்கிற வாசிப்புச் சிரமமா என்று பார்த்து அதற்கான பயிற்சி கொடுத்திருப்பார்கள். அன்றைக்கு அது சோம்பல் என்றும் கீழ்ப்படியாமை என்றும் பெயர் வைக்கப்பட்டு மாலைதோறும் ஆண்டவரின் சந்நிதிக்குப் போனது. குடும்ப ஜெபத்தில் ஆளுக்கு ஒரு வசனம் வாசிக்கவேண்டும். அண்ணன் முறை வரும்போது அம்மா மெதுவாக அடுத்த வசனத்தையும் சேர்த்துத் தானே வாசித்துக் கடந்துவிடப் பார்ப்பாள், அப்பா விடமாட்டார். அண்ணனுக்கு இப்போது ஐம்பது தாண்டிவிட்டது. தன் தொழிலில் கெட்டிக்காரன். ஆலயத்துக்கு வருவான், கடைசி வரிசையில் உட்காருவான். ஆனால் யாராவது அவன் தோளில் கைவைத்து அவனுக்காக வாய்விட்டு ஜெபிக்க ஆரம்பித்தால் எழுந்து வெளியே போய்விடுவான். அப்பா அவனுக்குக் கொடுக்க ஆசைப்பட்டது விசுவாசத்தை. அவனுக்குப் போய்ச் சேர்ந்தது இது.

பிள்ளைக்காக ஜெபிக்காதே என்று நான் சொல்வதாகத் தயவுசெய்து எடுத்துக்கொள்ளாதீர்கள். ராத்திரி பகலாக ஜெபியுங்கள். பிள்ளை வரம் கேட்டு மன்றாடிய அன்னாளைப் பாருங்கள், சாமுவேலின் தாய். பிள்ளைக்காக அவளைவிட உருக்கமாய் ஜெபித்தவர் யார்? அவள் உதடுகள் மட்டும்தான் அசைந்தன, சத்தம் கேட்கவில்லை என்று சாமுவேலின் முதலாம் புத்தகத்தில் இருக்கிறது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஆசாரியன் ஏலிக்கே அவள் ஜெபிக்கிறாள் என்று தெரியாமல், குடித்திருக்கிறாள் என்று நினைத்துவிட்டான். அந்த மாதிரி ஜெபியுங்கள். அவன் தூங்கின பிறகு, கதவைச் சாத்திக்கொண்டு, மதிப்பெண், சோம்பல், போன், உங்கள் பயம் எல்லாவற்றையும் கொட்டுங்கள். அவன் உட்கார்ந்திருக்கும் ஜெபத்தில் அவனைப் பற்றிப் பேசுவதாக இருந்தால் நன்றி மட்டும் சொல்லுங்கள். அன்றைக்கு அவன் செய்த ஏதாவது ஒன்றைக் குறிப்பாய்ச் சொல்லி நன்றி சொல்லுங்கள். தங்கைக்குச் செருப்பு மாட்டிவிட்டானா, அதைச் சொல்லுங்கள். சொல்வதற்கு ஒன்றுமே தோன்றவில்லை என்றால் நீங்கள் அன்றைக்கு அவனைச் சரியாகப் பார்க்கவே இல்லை என்றுதான் அர்த்தம்.

பார்ப்பது என்றதும் எனக்கு சூசன்னா வெஸ்லி நினைவுக்கு வந்துவிடுவார். மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லியின் தாயார். இங்கிலாந்தில் எப்வொர்த் என்ற ஊரில் போதகரின் மனைவி, பத்தொன்பது பிள்ளைகளைப் பெற்று, ஏறக்குறையப் பாதிப் பேரைச் சிசுவாகவே பறிகொடுத்தவர். மிஞ்சிய பிள்ளைகளுக்கு வீட்டிலேயே பள்ளி நடத்தினார், காலையில் மூன்று மணி நேரம், பிற்பகலில் மூன்று மணி நேரம். பெண்பிள்ளை நன்றாக வாசிக்கக் கற்றுக்கொள்ளும்வரை அவளை வீட்டுவேலையில் பழக்கக்கூடாது என்று விதி வைத்திருந்தார், பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில்! அவருடைய கண்டிப்பை நான் ஏற்கவில்லை. பிள்ளைகளின் சுயசித்தத்தை முதலில் முறிக்கவேண்டும், அடிவாங்கினால்கூடச் சத்தமில்லாமல் அழப் பழக்கவேண்டும் என்றெல்லாம் எழுதிவைத்திருக்கிறார். அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டு மேடையில் பேசுகிறவர்களைக் கண்டால் எனக்கு ஆத்திரம் வரும். அவரிடமிருந்து நான் எடுத்துக்கொள்வது வேறொன்று. வாரத்தின் ஒவ்வொரு இரவிலும் ஒரு பிள்ளையோடு தனியாக உட்கார்ந்து பேசுவதை வழக்கமாக்கினார். 1712ல் கணவருக்கு எழுதிய கடிதத்தில் திங்கள் யாரோடு, செவ்வாய் யாரோடு என்று பட்டியலே கொடுக்கிறார். வியாழன் ஜானுடைய நாள், அப்போது அவனுக்கு எட்டு வயது. பின்னாளில் அவன் வளர்ந்து ஆக்ஸ்போர்டில் கற்பிக்கிறவனாக ஆன பிறகு, அந்த வியாழன் மாலையில் கொஞ்ச நேரத்தை மறுபடியும் தனக்கு ஒதுக்கித்தரும்படி தாய்க்கு எழுதினான். அத்தனை பிள்ளைகள் உள்ள வீட்டில் அந்தத் தாய்க்கு நேரம் இருந்திருக்கிறது. உங்களுக்கு நேரம் இல்லை என்று எனக்கு எழுதாதீர்கள்.

உட்கார்ந்து என்ன பேசுவது, எனக்குக் கணக்கு தெரியாதே என்பீர்கள். என் அம்மாவுக்கும் தெரியாது. அவள் துணி மடித்துக்கொண்டே, “இது எப்படி வந்தது, எனக்குப் புரியற மாதிரி சொல்லு” என்பாள். நாங்கள் சொல்லுவோம். சொல்லிக்கொண்டே வரும்போது எந்த இடத்தில் நமக்கே தெரியவில்லை என்பது பளிச்சென்று தெரிந்துவிடும். உங்கள் மகனின் கணக்கு நோட்டை எடுங்கள். மதிப்பெண்ணைப் பார்க்காதீர்கள், தப்பான விடைகளைப் பாருங்கள். ஏழாம் வகுப்பில் சரிகிற பிள்ளைகள் பலருக்குச் சிக்கல் ஏழாம் வகுப்பில் இருப்பதில்லை, அதற்கு முன்னால் பின்னத்தில் இருக்கும். 1/2-உம் 1/3-உம் கூட்டினால் 2/5 என்று எழுதியிருப்பான். மேலே இருப்பதை மேலேயும் கீழே இருப்பதைக் கீழேயும் கூட்டியிருப்பான். உடனே தப்பு என்று சொல்லாதீர்கள். ஒரே அளவில் இரண்டு காகிதப் பட்டைகள் வெட்டி, ஒன்றை இரண்டாகவும் இன்னொன்றை ஐந்தாகவும் மடிக்கச் சொல்லுங்கள். பாதியையும், ஐந்தில் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கட்டும். ஐந்தில் இரண்டு, பாதியைவிடச் சின்னது. பாதியோடு இன்னும் கொஞ்சத்தைக் கூட்டினால் பாதியைவிடக் குறைந்துபோகுமா என்று கேளுங்கள். அந்தக் கேள்வியை அவனே யோசிக்கிற இரண்டு நிமிடம், அவன் கணக்குக்காக நீங்கள் இத்தனை நாள் சத்தமாய்ச் செய்த ஜெபத்தைவிட அவனுக்கு உதவும். ஆண்டவருக்கும் அதில் வருத்தம் இருக்காது. அப்புறம், அவனுக்குக் கரும்பலகை தெரிகிறதா? கண் மருத்துவரிடம் எப்போது காட்டினீர்கள்? கண்ணாடி போட்டால் சரியாகிற ஒன்றுக்கு உபவாசம் இருந்த வீடுகளை நான் பார்த்திருக்கிறேன்.

இப்போது உங்கள் கணவர். பிள்ளை கேட்ட கேள்வியை அவர் அடக்கியது எனக்கு மதிப்பெண்ணைவிடப் பெரிய கவலையாக இருக்கிறது. வீட்டில் உட்கார்ந்திருக்கும்போதும் வழியில் நடக்கும்போதும் பிள்ளைகளுக்குப் போதிக்கச் சொல்கிற உபாகமம் ஆறாம் அதிகாரத்தை நாம் எல்லோரும் மனப்பாடமாய்ச் சொல்வோம். அதே அதிகாரத்தில், இன்னும் சில வசனங்கள் தள்ளி, நாளைக்கு உன் மகன் இவையெல்லாம் என்ன என்று உன்னைக் கேட்டால் அவனுக்கு இப்படிச் சொல் என்று வருகிறது. பிள்ளை கேட்பான் என்று வேதமே எதிர்பார்த்திருக்கிறது. எருசலேம் தேவாலயத்தில் இயேசுவைத் தாயும் தகப்பனும் கண்டுபிடித்தபோது அவர் போதகர்கள் நடுவில் உட்கார்ந்து, அவர்கள் பேசுவதைக் கேட்டு, அவர்களிடம் கேள்வி கேட்டுக்கொண்டிருந்தார் என்கிறது லூக்கா. வயது பன்னிரண்டு. உங்கள் மகனுக்கும் அதே வயது. “ஆண்டவர் ஏன் கேட்கல” என்று வாய்விட்டுக் கேட்கிற பிள்ளை இன்னும் ஆண்டவரை நம்புகிறான் சகோதரி. நம்பாதவன் கேட்கமாட்டான், உங்களோடு சேர்ந்து கண்ணை மூடி ஆமென் சொல்லிவிட்டுப் போய்விடுவான். ஆகவே அதற்குப் பதில் சொல்லவேண்டியது உங்கள் கணவர்தான். ஜெபம் படிப்புக்குப் பதிலாக வராது என்று சொல்லட்டும். தன் வாழ்க்கையில் கேட்டுக் கிடைக்காமல் போன ஒன்றையும் மறைக்காமல் சொல்லட்டும். கொலோசெயருக்கு எழுதிய நிருபத்தில் பிள்ளைகள் திடனற்றுப்போகாதபடிக்கு அவர்களைக் கோபப்படுத்தாதிருங்கள் என்று பவுல் தகப்பன்மாரைப் பார்த்துத்தான் சொன்னார். பிரம்பைப் பற்றிய வசனம் நினைவில் இருக்கிற அளவுக்கு இது ஏன் தகப்பன்மாருக்கு நினைவில் இருப்பதில்லை?

பள்ளியைக் கேட்டிருந்தீர்கள். தானியேலை நீங்களே இழுத்துவிட்டீர்கள், அவன் படித்த பள்ளி எது? பாபிலோன் அரண்மனை. மூன்று வருஷம், கல்தேயரின் எழுத்தும் பாஷையும், வேறு தெய்வங்களைக் கும்பிடுகிறவர்களின் கல்வி. பெயரைக்கூட மாற்றிவிட்டார்கள். அங்கே படித்துத்தான் பத்துமடங்கு சமர்த்தன் ஆனான். வேதபாட வகுப்பு இருப்பதாலேயே ஒரு பள்ளியில் பின்னம் நன்றாகச் சொல்லித்தருவார்கள் என்று எந்த உத்தரவாதமும் கிடையாது. நண்பர்களையும் பழகின ஆசிரியர்களையும் விட்டு ஏழாம் வகுப்பின் நடுவில் அவனைப் பிடுங்கி நடாதீர்கள். இந்த வருடம் முடியட்டும், அவனையும் கூட உட்காரவைத்துக் கேட்டு முடிவுசெய்யுங்கள்.

அதற்கு முன் கணக்கு ஆசிரியரைப் பாருங்கள். புகார் சொல்லவோ கேட்கவோ போகவேண்டாம். அந்த நோட்டைக் கையில் கொண்டுபோய், எந்த இடத்திலிருந்து இவனுக்கு விட்டுப்போயிருக்கிறது, வீட்டில் நாங்கள் எதைச் செய்யலாம் என்று மட்டும் கேளுங்கள். அவன் எதிரில் அவனைக் குறைசொல்லாதீர்கள், ஆசிரியரையும் வீட்டில் குறைசொல்லாதீர்கள். ஆசிரியருக்காக வீட்டில் ஜெபியுங்கள், அது அவன் காதில் நன்றாக விழட்டும்.

வயிற்றுவலி நிற்கும்வரை அவனை ஜெபத்துக்கு வற்புறுத்தவேண்டாம். பக்கத்து அறையில் படுத்திருக்கட்டும், என்ன ஜெபிக்கிறீர்கள் என்று அங்கிருந்து கேட்டுக்கொண்டுதான் இருப்பான். இதை உங்கள் கணவரிடமும் வாசிக்கக் கொடுங்கள். கோபம் வந்தால் எனக்கு எழுதச் சொல்லுங்கள், அவருக்கும் பதில் எழுதுகிறேன்.

அன்புடன்,
அக்கா