விசிட் விசாவில் துபாய் வேலைக்குப் போகலாமா?

கேள்வி: என் கணவர் கொத்தனார். எட்டாவது வரை படித்தவர். துபாயில் கட்டட வேலை இருக்கிறது என்று ஒரு ஏஜென்ட் 1,20,000 ரூபாய் கேட்கிறார். 20,000 கொடுத்துவிட்டோம். முதலில் விசிட் விசாவில் போய், அங்கே வேலை விசாவாக மாற்றிக்கொள்ளலாம் என்கிறார். மீதிப் பணத்துக்கு என் நகையை அடகு வைக்கப் போகிறோம். புறப்படும் முன் என்னென்ன தயார் செய்ய வேண்டும்?
- வாசகி, பரமக்குடி

பதில்: சகோதரி, முதலில் நகையை அடகு வைப்பதை நிறுத்துங்கள். துணிமணி, மருந்து, பெட்டியெல்லாம் அப்புறம்.

உங்கள் கணவர் பத்தாவது தேறாதவர். அவர் பாஸ்போர்ட் ஈ.சி.ஆர்., அதாவது 'குடியேற்ற அனுமதி தேவை' என்ற வகையில்தான் இருக்கும். அப்படிப்பட்டவர் துபாய் இருக்கும் அமீரகத்துக்கு வேலைக்குப் போக, 1983-ஆம் ஆண்டு குடியேற்றச் சட்டப்படி மத்திய அரசின் குடியேற்ற அனுமதி வாங்க வேண்டும். யார் முதலாளி, என்ன சம்பளம், எத்தனை வருட ஒப்பந்தம் என்பதெல்லாம் அதில் பதிவாகும். விசிட் விசா என்று ஏஜென்ட் சொல்வது இந்தப் பதிவைத் தாண்டிப் போகத்தான்.

விசிட் விசாவில் போய் வேலை விசாவுக்கு மாறியவர்களும் இருக்கிறார்கள். ஆனால் கம்பெனி மனம் வைத்தால்தான் அது நடக்கும். அதுவரை அறை வாடகையும் சாப்பாடும் உங்கள் கைக்காசு. கெடு தாண்டினால் ஒவ்வொரு நாளுக்கும் அபராதம். விசிட் விசாவில் வேலை செய்வதே அங்கே சட்டவிரோதம் என்பதால், சம்பளம் தராவிட்டால் புகார் கொடுக்கவே பயப்படுவார். எனக்குப் பெரிய கவலை வேறு: சாரத்திலிருந்து விழுந்தால் என்ன செய்வீர்கள்? முறையாக அனுமதி வாங்கும்போது பிரவாசி பாரதிய பீமா யோஜனா என்ற காப்பீடும் எடுக்க வேண்டும். விபத்தில் உயிர் போனாலோ நிரந்தர ஊனம் ஏற்பட்டாலோ 10 லட்சம் ரூபாய் கிடைக்கும். இரண்டு வருடத்துக்குப் பிரீமியம் 275 ரூபாய்தான்.

இனி ஏஜென்டிடம் கேட்க வேண்டியவை. அரசின் உரிமம் உண்டா, எண் என்ன? மத்திய அரசின் ஈ-மைகிரேட் இணையதளத்தில் அதைச் சரிபார்க்கலாம். உரிமம் உள்ளவரும் 30,000 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும் மட்டுமே கட்டணமாக வாங்கலாம். 1,20,000 கேட்பதே தப்பு.

அடுத்து, ஆஃபர் லெட்டர். அமீரகத் தொழிலாளர் அமைச்சகத்தின் படிவத்தில் அரபி, ஆங்கிலத்தோடு தொழிலாளிக்குப் புரியும் மொழியும் சேர்ந்திருக்கும். அந்த மொழிகளில் தமிழும் ஒன்று. தமிழில் கேட்டு வாங்கி, இருவரும் உட்கார்ந்து வரி வரியாகப் படியுங்கள். மொத்தச் சம்பளத்தை மட்டும் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட வேண்டாம். அதில் அடிப்படைச் சம்பளம் எவ்வளவு என்று பாருங்கள். வேலையை விட்டு வரும்போது கிடைக்கும் கிராஜுவிட்டி அதை வைத்துத்தான்: முதல் ஐந்து வருடங்களுக்கு வருடத்துக்கு 21 நாள் அடிப்படைச் சம்பளம். 1,200 திர்ஹத்தில் அடிப்படை 600 என்று போட்டிருந்தால் கிராஜுவிட்டியும் பாதியாகிவிடும்.

பாஸ்போர்ட்டை முதலாளி வாங்கி வைத்துக்கொள்ளக் கூடாது என்பது அந்த நாட்டுச் சட்டம். ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை பகல் 12.30-லிருந்து 3 மணி வரை வெயிலில் வேலை வாங்கவும் கூடாது. இவற்றை அவர் தெரிந்துகொண்டு போகட்டும். ஒப்பந்தம், விசா, பாஸ்போர்ட் நகல்கள் உங்களிடமும் ஒரு செட் இருக்கட்டும்.

கொடுத்த 20,000-ஐ உடனே திருப்பிக் கேளுங்கள். ரசீது இல்லாவிட்டாலும் ஜிபே விவரம், வாட்ஸ்ஆப் பேச்சு எதையும் அழிக்காதீர்கள். தராமல் இழுத்தடித்தால் அவற்றோடு உள்ளூர்க் காவல் நிலையத்திலும், சென்னையில் உள்ள குடியேறுவோர் பாதுகாப்பு அலுவலகத்திலும் எழுத்தில் புகார் கொடுங்கள்.