அம்மாவின் பாஸ் புத்தகம்

மதிப்பிற்குரிய ஆலோசகர் அம்மாவுக்கு வணக்கம்.

எனக்கு 24 வயது. ஊர் முக்கூடலுக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். பி.காம். முடித்துவிட்டு திருநெல்வேலி வண்ணார்பேட்டையில் ஒரு ஜவுளிக்கடையில் கணக்கு எழுதுகிறேன். அப்பா சென்னையில் ஒரு பலசரக்குக் கடையில் வேலை பார்க்கிறார். ஊர்க் கோயில் கொடை விழாவுக்கும் தீபாவளிக்கும்தான் வருவார். தம்பி பாலிடெக்னிக் படிக்கிறான். அம்மாவுக்கு 46 வயது. பதினான்கு வயதில் பீடி சுற்றும் சுளகை (முறத்தை) மடியில் ஏற்றியவள், இன்னும் இறக்கி வைக்கவில்லை.

பொங்கல் கழிந்த பிறகு அம்மா ஆளே மாறிவிட்டாள். இரவு மூன்று மணிக்கு எழுந்து அடுக்களையில் இருட்டிலேயே உட்கார்ந்திருக்கிறாள். விளக்கைப் போட்டால் “கண் கூசுகிறது, அணைத்துவிடு” என்கிறாள். பிடரி வலி, நெஞ்செரிச்சல், கை கால் குடைச்சல் என்று ஏதாவது ஒன்று சொல்லிக்கொண்டே இருக்கிறாள். ஈ.சி.ஜி. இரண்டு முறை எடுத்தோம். வயிற்றுக்கு ஸ்கேன் எடுத்தோம். எல்லாம் நன்றாக இருக்கிறது, வெறும் கேஸ்தான் என்றார்கள். அசதிக்குக் குளுக்கோஸ் ஏற்றினோம். கடைசியில் தெருமுனை மருந்துக்கடையில் தூக்கத்துக்கு ஒரு சிறு மாத்திரை கொடுத்தார்கள். நான்கு நாள் நன்றாகத் தூங்கினாள். இப்போது அது இல்லாமல் கண்ணை மூட முடியவில்லை என்கிறாள். “எங்கே வலிக்கிறது அம்மா?” என்று கேட்டால், “வலி இல்லை, வெப்புராளமாக வருகிறது” என்று நெஞ்சைத் தடவிக்கொள்கிறாள்.

முன்பெல்லாம் எங்கள் திண்ணையில் நான்கைந்து பேர் சேர்ந்து உட்கார்ந்துதான் பீடி சுற்றுவார்கள். பேச்சும் சிரிப்புமாகத் தெருவே கலகலவென்று இருக்கும். இப்போது அம்மா சுளகை எடுத்துக்கொண்டு பின்கட்டுக்குப் போய்விடுகிறாள். வெட்டிய இலை காய்ந்து சுருளும்வரை அதையே பார்த்தபடி இருக்கிறாள். அத்தை, “வேலை செய்யாமல் இருக்க ஒரு சாக்கு” என்று என் காதில் விழும்படி சொல்கிறாள். பீடிக் கணக்கு எழுதும் அம்மாவின் பாஸ் புத்தகத்தைப் பார்த்தபோது எனக்கும் அப்படித்தான் தோன்றியது. கார்த்திகையில் ஒரு நாளைக்கு 900, 1000 பீடி என்று இருந்த கணக்கு மாசியில் 600 ஆகி, இந்த ஆடியில் 200 கூட எட்டவில்லை. அதிலும் சரியில்லை என்று ஒதுக்கும் கழிவு வேறு. ஒரு நாள் கோபத்தில், “அம்மா, உனக்கு உடம்பு வளையவில்லை” என்று சொல்லிவிட்டேன். அவள் ஒன்றும் பேசவில்லை. சொன்னதை நினைத்தால் இன்னும் எனக்குச் சோறு இறங்க மறுக்கிறது.

குழுக் கடன் இன்னும் 40,000 ரூபாய் இருக்கிறது. “நான் இல்லாவிட்டால் உங்களுக்கு ஒரு செலவு குறையும்” என்றுகூட அம்மா ஒரு நாள் சொன்னாள். எனக்கு ஆலங்குளத்துப் பக்கமிருந்து ஒரு வரன் வந்திருக்கிறது. இந்த நேரத்தில் அம்மாவை மனநல மருத்துவரிடம் கூட்டிப் போனால், தாய்க்குக் கிறுக்கு என்று ஊர் பேசும் என்கிறாள் அத்தை. சித்திரைக் கொடைக்கு அப்பா வந்தபோது சாமியாடியிடம் குறி கேட்டோம். சுடலைக்கு நேர்ந்த கடன் பாக்கி இருக்கிறது என்றார், அதையும் செலுத்திவிட்டோம். அந்தக் கொடையில் அம்மா வில்லுப்பாட்டுக் கேட்கக்கூட எழுந்து வரவில்லை. சின்ன வயதில் என்னை மடியில் போட்டுக்கொண்டு விடிய விடியக் கேட்டவள்.

இது நோயா, குணமா? மாத்திரை தொடங்கினால் காலத்துக்கும் சாப்பிட வேண்டுமா? நான் கடையில் இருக்கும்போது வீட்டு நம்பரிலிருந்து போன் வந்தால் ஈரக்குலை நடுங்குகிறது. இரவில் இரண்டு மூன்று முறை எழுந்து, அம்மாவுக்கு மூச்சு வருகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் படுக்கிறேன். நல்ல பதில் எழுதுவீர்கள் என்று நம்புகிறேன்.

இப்படிக்கு,
ஒரு மகள்


அன்புள்ள மகளுக்கு,

என் மகள் வயதுதான் உனக்கும். அதனால் ஒருமையிலேயே எழுதுகிறேன்.

கடன் கணக்குக்கும் கல்யாணப் பேச்சுக்கும் நடுவே, போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறாய். நான் இல்லாவிட்டால் ஒரு செலவு குறையும் என்று அம்மா சொன்ன வரி. மற்றதெல்லாம் அப்புறம். இந்தக் கடிதத்தைப் படித்த அன்றைக்கே அம்மாவிடம் நேராகக் கேள்: “செத்துப்போய்விடலாம் என்று தோன்றுகிறதா அம்மா?” இப்படிக் கேட்டால் இல்லாத எண்ணத்தை நாமே கிளப்பிவிட்டது போலாகும் என்று பலர் பயப்படுகிறார்கள். அப்படி ஆவதில்லை. யாரிடமும் சொல்ல முடியாமல் தொண்டையில் நிற்பதை, ஒருவர் கேட்டால் இறக்கி வைக்கலாம். எதிரில் உட்கார்ந்து விசாரணை போலக் கேட்காதே. சுளகுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, இலையை நறுக்கிக்கொண்டே கேள். கை ஓடும்போது வாய் தானாகத் திறக்கும். எங்கள் வீட்டுப் பெண்களிடம் நான் பார்த்தது இது.

ஆமாம் என்றாலோ, எப்படி என்றுகூட யோசித்து வைத்திருக்கிறேன் என்றாலோ, அன்றைக்கு அவளைத் தனியாக விடாதே. நேரம் பார்க்காமல் அரசு மருத்துவமனை அவசரப் பிரிவுக்குக் கூட்டிப் போ. வண்டி கிடைக்காவிட்டால் 108 இருக்கிறது. மனநல உதவிக்கு 14416 என்று ஓர் எண், டெலி மானஸ் என்று பெயர்; 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கியது. எந்த நேரமும் கட்டணம் இல்லாமல் தமிழிலேயே பேசலாம். அந்த எண்ணை உன் போனிலும் தம்பி போனிலும் இப்போதே பதிந்து வை. இல்லை என்று அம்மா சொன்னாலும், வயலுக்கு வாங்கிய பூச்சிமருந்து வீட்டில் இருந்தால் இன்றைக்கே அப்புறப்படுத்திவிடு. அந்தத் தூக்க மாத்திரை அட்டை உன் பையில் இருக்கட்டும்.

இனி உன் கேள்விக்கு வருகிறேன். இது நோய்தான் என்றே எனக்குத் தோன்றுகிறது. மனச்சோர்வு நோய், கூடவே பதற்றமும் இருக்கிறது. அதை உறுதி செய்ய வேண்டியவர் மருத்துவர். நான் மருந்து எழுதுகிறவள் இல்லை. மனச்சோர்வு என்றால் ஓயாமல் அழுதுகொண்டிருப்பார்கள் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். நம் பக்கத்துப் பெண்கள் பலர் அழுவதே இல்லை. பிடரி வலிக்கிறது, நெஞ்சு எரிகிறது, கை கால் ஓய்ந்து வருகிறது என்று உடம்பின் வழியாகத்தான் சொல்வார்கள். நாமும் ஒவ்வொரு வலிக்கும் ஒவ்வொரு டாக்டராகப் போய், ஸ்கேன் நன்றாக இருக்கிறது என்ற நல்ல செய்தியோடு, நோயையும் கூடவே வீட்டுக்குக் கூட்டி வருவோம். அந்த வலி நடிப்பு இல்லை. அவளுக்கு நிஜமாகவே வலிக்கிறது.

அம்மா சோம்பேறி என்பதற்குச் சாட்சியாகப் பாஸ் புத்தகத்தை எழுதியிருந்தாய். கணக்கு எழுதுகிறவள்தானே, இன்னொரு முறை அதை எடுத்துப் பார். முப்பது வருடங்களுக்கு மேல் ஆயிரம் பீடி சுற்றிய கை, ஆறேழு மாதத்தில் படிப்படியாக இருநூறுக்கு இறங்கியிருக்கிறது. சோம்பல் வருகிறவளுக்கு நாற்பத்தாறு வயதில், ஒரு தை மாதத்திலா வரும்? மனச்சோர்வில் கை மந்தமாகும், கவனம் நிற்காது. கழிவு ஏன் கூடியது என்று நினைக்கிறாய்? இரண்டு வாரம் தொடர்ந்து மனம் வாடிக் கிடந்தாலோ, பிடித்த எதிலும் நாட்டம் இல்லாமல் போனாலோ, அதோடு தூக்கம், பசி, கவனம் எல்லாம் கெட்டாலோ மருத்துவரைப் பார்க்க வேண்டும் என்பது வழக்கம். உங்கள் வீட்டில் இரண்டு வாரம் எப்போதோ கழிந்துவிட்டது. மூன்று மணிக்கே விழிப்புத் தட்டுவதும் இந்த நோயில் அடிக்கடி காணும் அடையாளம். காலையில் மிக மோசமாகவும் சாயங்காலம் கொஞ்சம் தேவலையாகவும் இருக்கிறாளா என்று கவனித்து வை, டாக்டர் கேட்கக்கூடும். வில்லுப்பாட்டுக்கு எழுந்து வராததைக் கட்டாயம் சொல். அந்தப் பாஸ் புத்தகத்தையும் கையோடு கொண்டு போ. எந்த மாதத்தில் தொடங்கியது, எவ்வளவு வேகமாக இறங்கியது என்று இத்தனை தெளிவாகக் காட்டும் ரிப்போர்ட்டை எந்த லேபிலும் வாங்க முடியாது.

இன்னொன்று, ‘வெப்புராளம்’ என்ற சொல்லை மாற்றாதே. டாக்டர் முன்னால் உட்கார்ந்ததும் நாம் எல்லோரும் “கேஸ் ட்ரபிள்” என்று அவர்கள் பாஷைக்கு மாறிவிடுகிறோம். வெக்கையும் தவிப்பும் துக்கமும் கலந்த அந்த நிலைக்கு அம்மாவிடம் இருப்பது அந்த ஒரு சொல்தான். அதை அவள் வாயாலேயே சொல்லட்டும்.

எங்கே போவது? பாளையங்கோட்டை ஹைகிரவுண்டில் இருக்கும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. மாவட்ட மனநலத் திட்டத்தின் கீழ், தாலுகா மருத்துவமனைகளுக்கும் குறிப்பிட்ட நாட்களில் மனநல மருத்துவர் வருவார். அம்பாசமுத்திரத்துக்கு எந்தக் கிழமை என்று முன்கூட்டியே கேட்டுக்கொள். அத்தைக்கு ஒன்று சொல்லிவிடு: பிரசவத்துக்கும் காய்ச்சலுக்கும் எலும்பு முறிவுக்கும் போகிற அதே வாசல்தான். உள்ளே போகிறவர்கள் எந்த அறைக்குப் போகிறார்கள் என்று யாரும் எண்ணிக்கொண்டிருப்பதில்லை. நோயாளியின் விவரத்தை ரகசியமாக வைக்க வேண்டும் என்று 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டமும் சொல்கிறது. வரன் வீட்டாரிடம் என்ன சொல்வது என்பது உன் விருப்பம். என்னைக் கேட்டால், தாய்க்கு வைத்தியம் பார்த்ததற்காகத் தட்டிப்போகும் சம்பந்தம் தட்டியே போகட்டும்.

டாக்டர் முதலில் ரத்தப் பரிசோதனை எழுதலாம். தைராய்டு குறைந்தாலும், ரத்தசோகை இருந்தாலும் இதேபோல் அசதியும் வாட்டமும் வரும். மாதவிடாய் நிற்கும் வயதும் ஆகிறது, அதையும் கூச்சப்படாமல் சொல்லட்டும்.

மாத்திரையைப் பற்றித்தான் ஊரில் ஆயிரம் கதை. மனச்சோர்வுக்குக் கொடுப்பது வேறு, மருந்துக்கடையில் நீ வாங்கியது வேறு. அந்தத் தூக்க மாத்திரைகளில் பலவற்றைக் கொஞ்ச காலத்துக்கு மேல் சாப்பிட்டால் பழகிப்போகும். அதற்காகத் திடீரென்று நிறுத்திவிடவும் கூடாது. அட்டையைக் காட்டு, டாக்டர் படிப்படியாகக் குறைப்பார். மனச்சோர்வு மருந்து போதையும் தராது, அடிமையாக்கவும் செய்யாது. ஆனால் காய்ச்சல் மாத்திரை போல மறுநாளே வேலை செய்யவும் செய்யாது. இரண்டிலிருந்து நான்கு வாரம் ஆகும், சிலருக்கு ஆறு வாரம்கூட ஆகலாம். முதல் சில நாட்களில் குமட்டல், தலைவலி வரலாம். சிலருக்குப் படபடப்புக் கூடுவது போலவும் இருக்கும். மிஞ்சினால் உடனே டாக்டரிடம் சொல்ல வேண்டும். பலர் பத்தாம் நாள் “இதுவும் கேட்கவில்லை” என்று விட்டுவிடுகிறார்கள். இன்னும் சிலர் இரண்டு மாதத்தில் முகம் தெளிந்ததும் தாங்களாகவே நிறுத்திவிட்டு, அடுத்த கொடைக்குள் பழையபடி படுத்துவிடுகிறார்கள். நலமான பிறகும் வழக்கமாக ஆறு மாதமாவது தொடர வேண்டியிருக்கும். நிறுத்தும்போது டாக்டர் சொல்கிறபடி மெல்லக் குறைக்க வேண்டும். முதல்முறை வந்தவர்கள் பலருக்குக் காலம் முழுக்கச் சாப்பிட வேண்டியிருக்காது. மருந்தோடு பேச்சு வழியான சிகிச்சையும் உண்டு, அதையும் அங்கேயே கேள்.

சுடலைக்கு நேர்ந்ததைச் செலுத்தியதில் தவறில்லை. கோயிலுக்குப் போக அம்மாவுக்குப் பிடித்தால் தாராளமாகக் கூட்டிப் போ. திருநீறும் பூசட்டும், மாத்திரையும் சாப்பிடட்டும். எனக்குத் தெரிந்து எந்தச் சாமியும் இதற்குக் கோபித்ததில்லை.

வீட்டில் “மனதைத் தைரியமாக வை” என்று யாரும் சொல்லாமல் பார்த்துக்கொள். கால் ஒடிந்தவளிடம் நட என்று சொல்வது போல அது. சாயங்காலம் ஐந்து மணிக்கு அரை மணி நேரம் திண்ணைக்குக் கூட்டி வா. சுளகு வேண்டாம். பழைய கூட்டாளிகள் பேசிக்கொண்டிருக்கட்டும், இவள் பேசாவிட்டாலும் பரவாயில்லை. கடன் 40,000 ரூபாயை ஒரு தாளில் தவணை போட்டு எழுதி அப்பாவிடம் பேசு. அம்மாவின் தலையில் அது இப்போது நான்கு லட்சமாகத் தெரியும். நீ சொன்ன அந்தச் சொல்லுக்கு மன்னிப்புக் கேட்டுவிடு. நீளமாக வேண்டாம். “தெரியாமல் சொல்லிவிட்டேன் அம்மா, இது நோய் என்று இப்போதுதான் தெரிந்தது” என்றால் போதும். அவளும் தன்னைச் சோம்பேறி என்றுதான் நினைத்துக்கொண்டிருப்பாள்.

காலை நேரம் அவளுக்குக் கஷ்டமாக இருக்கக்கூடும் என்பதால், போகிற நாளன்று வரமாட்டேன் என்பாள். முந்தின இரவே சேலையை எடுத்து வைத்து, கட்டுச்சோறும் கட்டி, அப்பாவைப் போனில் பேசவைத்துவிடு. அன்றைக்குக் கடைக்கு விடுப்புச் சொல்லிவிடு. புறநோயாளிச் சீட்டு எடுக்கும்போது இரண்டாக எடு. போன் மணி அடித்தாலே நடுங்குகிறாயே, இரவெல்லாம் மூச்சை எண்ணிக்கொண்டிருக்கிறாயே, இரண்டாவது சீட்டில் உன் பெயரை எழுது.

அன்புடன்,
உன் ஆலோசகர்