ஏரியில் செலினியம் என்ற தனிமத்தைக் கலந்தால் மீனில் பாதரசம் குறையுமா?

குறையும். ஆனாலும் கலக்காதீர்கள் என்றுதான் சொல்வேன்.

சுவீடனில் 1980களில் இதைச் செய்தே பார்த்தார்கள். பாதரசம் ஏறியிருந்த சில ஏரிகளில், லிட்டருக்கு 3 முதல் 5 மைக்ரோகிராம் இருக்கும்படி செலினியத்தை மெல்லக் கரையவிட்டார்கள். பெர்ச் மீன்களில் பாதரசம் நன்றாகவே இறங்கியது. கனடாவின் சட்பரியில் யாரும் திட்டமிடாமலே இது நடந்தது. நிக்கல், செம்பு உருக்காலைகளின் புகையோடு செலினியமும் ஏரிகளில் விழுந்தது; ஆலைக்குப் பக்கத்து ஏரி மீன்களில்தான் பாதரசம் குறைவாக இருந்தது. பாதரசம் செலினியத்தோடு மிக இறுக்கமாகப் பிணைந்து, எளிதில் கரையாத பாதரச செலினைடாக மாறிவிடும். அந்த வடிவில் அது உணவு வழியே மீனுக்குள் ஏறுவது கடினம்.

தண்ணீரிலுள்ள காட்மியம் என்ற இன்னொரு நச்சு உலோகம் என்றால் விஷயம் வேறு. அது செவுள் வழியாக, கால்சியம் நுழைகிற அதே வாசலில் நுழைகிறது. துத்தநாகத்துக்கும் அந்த வாசல்தான். அதனால் கால்சியம் நிறைந்த கடின நீரில் மீன் காட்மியத்தைக் குறைவாகவே உறிஞ்சும். பாதரசத்துக்கு இது உதவாது. மீனில் சேரும் பாதரச வடிவமான மெதில் பாதரசம் பெரும்பாலும் இரை வழியாகத்தானே வருகிறது!

சரி, செலினியத்தால் என்ன கெடுதல்? அமெரிக்காவின் வட கரோலினாவில் உள்ள பெலூஸ் ஏரியைப் பாருங்கள். 1970களில் அனல்மின் நிலையச் சாம்பல் கலந்த நீர் அங்கே வந்து சேர்ந்தது. ஏரி நீரில் செலினியம் லிட்டருக்குச் சுமார் 10 மைக்ரோகிராம்தான். அதற்கே 20 மீன் இனங்களில் 19 அழிந்துபோயின. தாய் மீன் பார்க்க நன்றாகவே இருக்கும். அதன் உடலிலிருந்து செலினியம் முட்டைக்குப் போய், குஞ்சுகள் முதுகெலும்பு வளைந்து பிறக்கும், பிழைக்காது. பெரிய மீன்கள் கண்ணில் படுவதால், ஏரியைப் பார்க்கிறவருக்கு எதுவும் தெரியாது. எனக்கு மிகவும் பயம் தருவது இதுதான். சுவீடனிலும் செலினியம் கலந்த சில ஏரிகளில் பெர்ச் கூட்டமே சரிந்தது.

மருந்துக்கும் நஞ்சுக்கும் நடுவே இடைவெளி அவ்வளவு குறுகல். 2016இல் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை, ஏரி போன்ற தேங்கிய நன்னீருக்குப் பரிந்துரைத்த செலினிய வரம்பு லிட்டருக்கு 1.5 மைக்ரோகிராம். சுவீடனில் கலந்த அளவு அதைப்போல் இரண்டு, மூன்று மடங்கு. அந்த முகமையே தண்ணீரைவிட மீன் முட்டையில் உள்ள செலினியத்தைத்தான் முதலில் பார்க்கச் சொல்கிறது. உங்கள் ஏரியில் அதை யாராவது அளந்திருக்கிறார்களா என்று முதலில் விசாரியுங்கள்.